பூங்கா யார் பக்கம்? காவிரிப்படுகையில் பொதுப்பணமும் பொதுவெளியும்



இரட்டைமலை சீனிவாசன் அவர்களை நினைவுகூரும் இந்த அவையில் பூங்காக்களைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் தோழர்கள் சிலர் தயங்கினார்கள். கூலி, பஞ்சமி நிலம், ஆணவக்கொலை என்று பேச வேண்டியவை குவிந்து கிடக்கும்போது நாலு சிமெண்டுப் பெஞ்சும் ஒரு சறுக்குமரமும் நினைவுச் சொற்பொழிவுக்கு உரிய பொருளா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் சீனிவாசன் அவர்களின் பொதுவாழ்விலேயே இருக்கிறது.

1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம் எதைப் பற்றியது? பொதுச்சாலை, தெரு, பாதை, பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடம் ஆகிய எதிலும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் நடமாடுவதற்கும் அவற்றைப் பயன்படுத்துவதற்கும் தடையில்லை என்பதைப் பற்றியது. அந்த ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் 2660ஆம் எண் அரசாணையாக அது வெளிவந்தது. இன்று நாம் பூங்கா என்கிறோம், பசுமைவெளி என்கிறோம். அன்றைய தீர்மானத்தின் மொழியில் அதுவும் மக்கள் கூடும் பொது இடம்தான். எனவே நூறாண்டுக்கு முன் கேட்கப்பட்ட ஒரு கேள்வியின் தொடர்ச்சியையே இங்கே பேசுகிறோம்.

அரசுப்பணத்தில் ஒரு பொது இடம் உருவாகும்போது நம் மக்களுக்கு மூன்றில் ஒன்று நேர்ந்து வந்திருக்கிறது. நமக்கென்று தனியாக ஒன்று ஒதுக்கப்படும். அல்லது எல்லோருக்கும் பொதுவானது என்று அறிவிக்கப்பட்டு ஊர்ப்பக்கம் அமைக்கப்படும். அல்லது நாம் இருந்த இடத்திலிருந்து நம்மை எடுத்துவிட்டு அங்கே அமைக்கப்படும். இந்த மூன்றின் வரலாற்றையும் திருவிடைமருதூர் வட்டாரத்தில் நின்றுகொண்டு பார்ப்போம்.

மருதமும் மானியமும்

திருவிடைமருதூர் ஒரு மரத்தின் பெயரைக் கொண்ட ஊர். வடக்கே மல்லிகார்ச்சுனம், தெற்கே திருப்புடைமருதூர், இடையில் இது. மகாலிங்கசுவாமி கோயிலின் தலமரம் மருதம். வயலும் வயல்சார்ந்த இடமும் சங்க மரபில் பெற்ற பெயரும் மருதம்தான். இப்படிப்பட்ட மண்ணில் பசுமைக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். குறுவையும் சம்பாவும் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சைதான். ஆனால் அந்தப் பச்சை ஒவ்வொன்றுக்கும் பட்டா இருக்கிறது. காலையிலிருந்து குனிந்து நாற்று நடும் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்க ஒரு வரப்பு, ஒரு மதகு, ஒரு வேப்பமரத்தடி கிடைத்தால் உண்டு. பச்சை நிறைந்த பூமியில் பொதுவான பச்சை எவ்வளவு என்று கணக்கெடுத்தால் மிகச் சிறிய தொகைதான் வரும்.

பூந்தோட்டத்துக்கு அரசு கொடை அளிப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் திருநந்தவனப்புறமாக விடப்பட்ட நிலங்களை நிறையக் காணலாம். தோட்டம் வைக்க நிலம், அதைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு வாழ்வூதியம் என்று தெளிவாக எழுதிவைத்தார்கள். அந்தப் பூ யாருக்கு, அந்தத் தோட்டத்துக்குள் யார் போகலாம் என்பதைக் கல்லில் எழுதத் தேவையிருக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இராசராசன் காலக் கல்வெட்டுகளை மாணவர்கள் ஒருமுறை இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலக்கணக்கில் வரி விதிக்கப்படாத இடங்கள் கழித்துக் காட்டப்படுகின்றன. ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரியும் பறைச்சேரியும் அந்த வரிசையில் வருகின்றன. தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அரசாங்கக் கணக்கில் நம் குடியிருப்பு ஊர்நத்தத்துக்குள் இல்லை. தனி இனமாக எழுதப்பட்டிருக்கிறது. இறந்தவருக்கும் பறைச்சுடுகாடு என்று தனி இனம் இருந்தது. பொது இடங்களின் மிகப் பழைய பட்டியல் ஒன்று, பிரித்துவைத்த இடங்களின் பட்டியலாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது.

இன்று அரசு தரும் நிதியுதவிக்கு நாம் பயன்படுத்தும் மானியம் என்ற சொல்லும் அந்த உலகத்துச் சொல்தான். வரியில்லாமல் விடப்பட்ட நிலத்துக்கு மானியம் என்று பெயர். கோயிலுக்கு மானியம் இருந்தது. நம் மக்களில் சிலருக்கும் வெட்டியான் மானியம், தலையாரி மானியம் என்று இருந்தது. பிணம் எரிக்கவும், காவல் காக்கவும், தண்டோரா போடவும் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்பட்டிருப்பதற்கு ஈடாகத் தரப்பட்ட துண்டு நிலம் அது. மேலோருக்கு மானியம் பெருமையைத் தந்தது. நமக்கு அது ஊழியத்தின் கணக்கு.

இதே ஊரைப் பற்றி இன்னொரு செய்தி. பதவி இழந்த தஞ்சை மராட்டிய மன்னர் அமரசிங்கு திருவிடைமருதூரில் தங்கியிருந்தார். அவருடைய அரண்மனைத் தொடர்பில் இசை பயின்றவர் கோபாலகிருஷ்ண பாரதியார். பின்னாளில் அவர் இயற்றிய நந்தனார் சரித்திரத்தில், சிதம்பரம் போக நந்தன் தன் ஆண்டையிடம் அனுமதி கேட்டு நிற்கிறார். பெரியபுராணத்தில் இந்த ஆண்டை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் காவிரிப்படுகை அந்த ஆண்டையைக் கதைக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. ஒரு பொது இடத்துக்குப் போகத் தனியொருவரின் அனுமதி வேண்டும் என்பதுதான் அன்றைய நடைமுறை. சீனிவாசன் அவர்களின் தீர்மானம் இந்த அனுமதி என்ற சொல்லை எடுத்துவிட்டு அங்கே உரிமை என்ற சொல்லை வைத்தது. அதனால்தான் அதை ஒரு சாதாரணத் தீர்மானமாக நாம் கருதுவதில்லை.

தனிக்கிணறு, தனிப்பாதை

வெள்ளைக்காரர் ஆட்சியில் நம் மக்களின் நிலைமையை நேரில் கண்டு எழுதியவர்களில் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் முக்கியமானவர். அவருடைய 1891ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவரும் அந்தக் கணக்கில் காவிரிப்படுகையின் பங்கு சொற்பம். பாசன நிலம் முழுவதும் மிராசுதார் கையில் இருந்தது. ஒதுக்கித் தரத் தரிசு அதிகம் இல்லை. பண்ணையாளின் குடிசை நின்ற மனையே மிராசுதாருடையது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும்.

1920களில் சென்னை அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர் நலப்பணியைக் கையில் எடுத்தது. மனைக்கட்டு வாங்கித் தந்தார்கள், கிணறு வெட்டினார்கள், பாதை போட்டார்கள், சுடுகாட்டுக்கு இடம் ஒதுக்கினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். நம் மக்களின் பொதுப்பயன்பாட்டுக்கென்று அரசுப்பணம் தொடர்ச்சியாகச் செலவான காலம் அப்போதுதான் தொடங்கியது. அதன் அருமையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. தண்ணீருக்காகக் கால்கடுக்க நின்ற பெண்களுக்கு அந்தக் கிணறு உயிர்.

ஆனால் அந்தப் பணம் சிக்கலைத் தீர்த்த விதத்தைக் கவனிக்க வேண்டும். ஊர்க்கிணற்றில் நம்மை விடமாட்டார்கள், எனவே சேரிக்குத் தனிக்கிணறு. ஊர்ச்சாலையில் விடமாட்டார்கள், எனவே வயல்வரப்பை ஒட்டித் தனிப்பாதை. மறுப்பவரை எதிர்கொள்வதைவிட மறுக்கப்பட்டவருக்கு இன்னொன்று செய்துகொடுப்பது நிர்வாகத்துக்கு எளிது. 1924ஆம் ஆண்டுத் தீர்மானம் கேட்டதோ ஏற்கெனவே இருக்கிற கிணற்றை, இருக்கிற சாலையை. இந்த இரண்டு வழிகளும் ஒரே காலத்தில் பிறந்தவை. இன்றுவரை நம் கோரிக்கைகளிலும் அரசுத் திட்டங்களிலும் இரண்டும் கலந்தே கிடக்கின்றன.

இங்கே பம்பாய் மாகாணத்தைத் திரும்பிப் பார்ப்பது உதவும். 1923 ஆகஸ்டில் அம்மாகாணச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப்பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் நீர்நிலை, தர்மசாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் தீண்டப்படாத வகுப்பாருக்கும் திறக்கப்பட வேண்டும் என்றது அது. மகாட் நகராட்சி தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. அறிவிப்பு காகிதத்தில் இருந்தது. நம் மக்கள் குளத்தில் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளினார். இது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு.

அதிகம் பேசப்படாத ஒன்று அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது. 1926 ஆகஸ்டில் அதே போலே இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தார். 1923ஆம் ஆண்டுத் தீர்மானத்தை நடைமுறைப்படுத்த மறுக்கும் நகராட்சிகளுக்கும் உள்ளாட்சி வாரியங்களுக்கும் அரசு மானியம் தரக்கூடாது என்பது அதன் சாரம். தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மானியம் என்பது கேட்டு வாங்கும் பொருள் மட்டுமில்லை, நிறுத்திவைக்கக்கூடிய பொருளும்கூட என்று நூறாண்டுக்கு முன்பே நம் தரப்பில் சிந்தித்திருக்கிறார்கள்.

இந்தச் சிந்தனை அரசியலமைப்பில் ஏறியிருக்கிறது. 15ஆம் உறுப்பின் இரண்டாம் பிரிவு கிணறு, குளம், படித்துறை, சாலை, மக்கள் கூடும் பொது இடம் ஆகியவற்றைச் சொல்கிறது. அவை முழுவதுமாகவோ ஓரளவோ அரசு நிதியில் பராமரிக்கப்படுபவையாக இருந்தாலும், பொதுமக்கள் பயன்பாட்டுக்கென்று விடப்பட்டவையாக இருந்தாலும், சாதியின் பேரால் யாரையும் தடுக்கக்கூடாது. ஓரளவோ என்ற சொல்லின் அருமையைப் பாருங்கள். ஒரு பூங்காவின் சுற்றுச்சுவருக்கு மட்டும் அரசுப்பணம் செலவாகியிருந்தாலும் போதும், அந்தப் பூங்கா நம்முடையதுமாகிறது.

அரசுப்பணத்தில் வளர்ந்த இன்னொரு பச்சை

விடுதலைக்குப் பிறகு காவிரிப்படுகையின் பசுமைக்கு அரசு செலவழித்ததில் பெரும்பங்கு பூங்காவுக்குப் போகவில்லை, நெல்லுக்குப் போனது. திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் ஆடுதுறையில் 1922இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1960இல் நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்றாகத் தஞ்சைக்குப் பேக்கேஜ் திட்டம் வந்தது. விதை, உரம், கடன் எல்லாம் அரசு உதவியில் நிலம் வைத்திருந்தவர்களுக்குப் போய்ச்சேர்ந்தன. விளைச்சல் கூடியது. அந்த விளைச்சலில் கூடுதல் கூலி கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதை 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணி சொன்னது. 44 பேர் எரிக்கப்பட்டார்கள்.

அதன் பிறகுதான் 1969இல் நியாயக்கூலிச் சட்டமும், 1971இல் குடியிருப்பவருக்கே மனையைச் சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டமும் வந்தன. குடிசை நின்ற மண் நமக்குச் சொந்தமாகி அரை நூற்றாண்டுதான் ஆகிறது. குடிசைக்கு வெளியே நம் பிள்ளைகள் விளையாடும் இடம் யாருடையது என்ற கேள்வியை எழுப்பவே அதற்குப் பிறகுதான் நமக்கு நிலைமை வாய்த்தது.

இன்றைய திட்டங்கள்

1992ஆம் ஆண்டின் 74ஆவது திருத்தம் அரசியலமைப்பில் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளின் பணிகள் அதில் வரிசையாக உள்ளன. 10ஆவது குடிசைப்பகுதி மேம்பாடு. 12ஆவது பூங்கா, தோட்டம், விளையாட்டுத்திடல். 14ஆவது இடுகாடு, சுடுகாடு. ஒரே பக்கத்தில் இருக்கும் இந்த மூன்றையும் ஒரே ஊரில் நம் மக்கள் எப்படி அனுபவிக்கிறார்கள் என்று பார்த்தால் உள்ளாட்சியின் முகம் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் பொதுவெளியைச் சாதிக்கு எதிராகத் திட்டமிட்டுக் கட்டிப்பார்த்த முயற்சி என்று 1997இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரத்தைச் சொல்ல வேண்டும். நூறு வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. விளையாட்டுத்திடலும் சுடுகாடும் பொது. அதன் குறைகளைப் பற்றி நிறையப் பேசலாம். ஆனால் திடலை எந்தப் பக்கம் வைப்பது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லாமல் போனது. வீடுகள் கலந்திருந்தால் திடல் தானாகப் பொதுவாகிறது.

மற்ற திட்டங்களில் வீடுகள் கலக்கவில்லை, பணம் மட்டும் வந்தது. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய். 2016இல் அறிவித்தபடி 500 ஊராட்சிகளில் தலா 20 லட்சத்தில் அம்மா பூங்கா, தலா 10 லட்சத்தில் உடற்பயிற்சிக்கூடம். ஒன்றிய அரசின் அம்ருத் திட்டம் 2015இல் வந்தபோது 500 நகரங்களோடு நின்றது. பூங்காக்களுக்கு அதில் இரண்டரை விழுக்காடு வரைதான் ஒதுக்கீடு. 2021இல் வந்த இரண்டாம் கட்டம் சட்டப்படியான எல்லா நகர உள்ளாட்சிகளுக்கும் விரிந்தது. திருவிடைமருதூர் போன்ற பேரூராட்சிகளும் அந்த வரம்புக்குள் வருகின்றன. நீர்நிலைச் சீரமைப்பும் பசுமைவெளியும் அதன் பணிகளில் அடக்கம்.

பணம் எப்படி இடமாகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மதிப்பீடு தயாராகும்போது கேட்கப்படும் முதல் கேள்வி, வில்லங்கமில்லாத புறம்போக்கு எங்கே இருக்கிறது என்பது. சாலையோரம், வண்டி வந்துபோக வசதி, திறப்புவிழாவுக்குப் பந்தல் போட இடம் என்று பார்ப்பார்கள். இவையெல்லாம் பொருந்தும் இடம் பெரும்பாலும் ஊர்ப்பக்கம்தான் இருக்கும். சாலையும் புறம்போக்கும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. அதிகாரி யாரும் சாதி பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பழைய நிலக்கணக்கே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பிறகு நம் பிள்ளைகள் அங்கே போகத் தடையில்லை என்பார்கள். தடைப்பலகை இல்லைதான். ஊர்த்தெரு வழியாக ஒரு பெண்பிள்ளை சாயங்காலம் ஊஞ்சலாடப் போய்வர முடியுமா என்று அந்தப் பிள்ளையின் தாயைக் கேட்டால் உண்மை தெரியும்.

சேரிக்கு என்று கேட்டால் உடனே வரும் பதில், அதற்கு ஆதிதிராவிடர் துணைத்திட்ட நிதி இருக்கிறதே என்பது. அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் 2023இல் அறிவிக்கப்பட்ட குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டில் 1000 கோடி ரூபாய். 2024இல் துணைத்திட்டத்துக்கென்று தனிச்சட்டமும் வந்திருக்கிறது. இரண்டும் போராடிப் பெற்றவை, வரவேற்கிறோம். ஆனால் பொது நிதி ஊருக்கு, துணைத்திட்ட நிதி சேரிக்கு என்று பழகிப்போனால், 1920களின் தனிக்கிணற்றை நாம் புதிய பெயரில் வெட்டிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் பொருள். துணைத்திட்டம் பொதுப்பங்குக்கு மேல் வரவேண்டிய கூடுதல். பொதுப்பங்கை விட்டுக்கொடுத்ததற்கு அது விலையாக முடியாது.

பூங்கா திறந்த பிறகு அதைக் கூட்டுவது யார்? தூய்மைப் பணியாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தெருக்காரர்கள் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. அமைக்கப் பணம் வருகிறது, பராமரிக்கத் தனிப்பணம் வருவதில்லை. அந்தக் குறையை இவர்களின் குறைந்த கூலியும் கூடுதல் உழைப்பும் நிரப்புகின்றன.

அப்புறப்படுத்தும் பச்சை

மூன்றாவது வழி கொடியது. நிலமில்லாத நம் மக்கள் தலைமுறைகளாகக் குடியேறிய இடங்கள் வாய்க்கால்கரை, குளக்கரை, ஆற்றுப்படுகை. கணக்கில் அவை நீர்நிலைப் புறம்போக்கு. 2007இல் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. 2011 சனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் ஊர்ப்பொது நிலங்களை மீட்க உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. நீர்நிலையைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. தண்ணீர் வற்றினால் முதலில் வேலை இழப்பவர்கள் நாம்தான். ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அரசு அறிவிப்பின்படி நிலமற்ற தொழிலாளருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் குத்தகையாகத் தரப்பட்ட இடங்களை முறைப்படுத்தலாம் என்று அது சொல்கிறது. அகற்றல் நோட்டீசு கையில் வைத்திருக்கும் நம் மக்களுக்கு இந்த வரியை யாரும் படித்துக்காட்டுவதில்லை.

சென்னையில் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். உலகப் புகழ்பெற்ற நியூயார்க் மத்தியப் பூங்காவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1825இலிருந்து கறுப்பின மக்கள் சொந்த நிலம் வாங்கி, தேவாலயமும் பள்ளியும் கட்டி வாழ்ந்த செனகா கிராமம் அங்கே இருந்தது. பூங்காவுக்காக 1857இல் அதை முற்றிலும் காலிசெய்தார்கள். புல்வெளி அதன் மேல் வளர்ந்தது. அப்படி ஒரு கிராமம் இருந்தது என்பதே நூறாண்டுக்கு மேல் பொதுநினைவிலிருந்து மறைந்துபோனது. குளக்கரை நடைபாதை என்ற பெயரில் நம்மூர்களிலும் அப்படி மறதி வளர இடம் தரக்கூடாது.

நாம் கேட்க வேண்டியவை

சட்டம் மட்டும் போதாது என்பதை 2016 சனவரியில் திருநாள்கொண்டச்சேரி காட்டியது. மயிலாடுதுறைப் பக்கம், இங்கிருந்து அதிக தூரமில்லை. இறந்துபோன ஒரு முதியவரின் உடலைப் பொதுச்சாலை வழியாக எடுத்துச்செல்ல உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. காவல்துறையோ உடலைத் தானே தூக்கிக்கொண்டு மாற்றுப்பாதையில் கொண்டுபோனது. அரசின் ஆணையும் அரசின் சாலையும் இருந்தும் தனிப்பாதைதான் வென்றது. பொதுவளங்களையும் சுடுகாட்டையும் பாதையையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் என்று தெளிவாகச் சொல்லும் திருத்தம் அதே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது.

எனவே வாசலில் நின்று தடுத்தால் வழக்குப் போடலாம். ஆனால் பூங்கா எங்கே வைக்கப்படுகிறது என்பது ஒப்புதல் தரும் மேசையில் முடிவாகிறது. நாம் அந்த மேசையை எட்ட வேண்டும்.

முதலாவது, இடத்தேர்வு. ஆண்டுக்கு ஆறுமுறை கூடும் கிராமசபையில் பூங்காவின் இடமும் மதிப்பீடும் தீர்மானமாக வர வேண்டும். பேரூராட்சியில் மன்றக்கூட்டத்தில் வர வேண்டும். திருவிடைமருதூர் இன்று தனித்தொகுதி. நம் பிரதிநிதிகளிடம் இதைக் கேட்க நமக்குத் தயக்கம் வேண்டாம். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இடம் இருந்தால் அதுவே முதல் தேர்வாக இருக்கட்டும்.

இரண்டாவது, நம் திடல்கள். காவிரிப்படுகையின் சேரிகளில் காளியம்மன் கோயில் முன்திடல், கபடி ஆடும் மேடு, அம்பேத்கர் மன்றத்து வேப்பமரத்தடி என்று மக்கள் தாமாக உருவாக்கிய பொதுவெளிகள் உண்டு. ஒரு ரூபாய் மானியமில்லாமல் நிழலும் கூட்டமும் வாசிப்பும் வளர்ந்த இடங்கள் அவை. பலவற்றுக்கு ஆவணம் இல்லை. அவற்றை அளந்து பொதுப்பயன்பாட்டு இடமாகப் பதியச்செய்வது அவசரமான வேலை.

மூன்றாவது, பராமரிப்பு. பூங்காவுக்கு ஒப்புதல் தரும்போதே அதைப் பராமரிப்பவரின் கூலிக்கும் ஒப்புதல் தர வேண்டும்.

நான்காவது, அகற்றலுக்கு முன் அருகிலேயே பட்டாவோடு மாற்றுமனை. மனை கையில் வராமல் மண்வெட்டி விழக்கூடாது.

ஐந்தாவது, 1926ஆம் ஆண்டின் அந்தத் தீர்மானம். சாலையிலோ குளத்திலோ சுடுகாட்டிலோ தீண்டாமை நிரூபிக்கப்பட்ட உள்ளாட்சிக்குப் பசுமைவெளி நிதியை நிறுத்திவைக்கும் விதி ஒன்று வேண்டும். பழைய கோரிக்கைதான். நிறைவேறாததால் இன்னும் புதிதாக இருக்கிறது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரின் வரைபடத்தை எடுங்கள். கடந்த இருபது ஆண்டுகளில் அரசுப்பணத்தில் உருவான பூங்கா, திடல், குளக்கரைப் பாதை, சுடுகாட்டுச் சாலை ஒவ்வொன்றையும் அதில் குறியுங்கள். சேரியின் கடைசி வீட்டிலிருந்து ஒவ்வொன்றுக்கும் எத்தனை அடி, வழியில் எத்தனை தெரு என்று நடந்து அளந்து எழுதுங்கள். செலவுக்கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்த கிராமசபைக்கு அந்த வரைபடத்தோடு போவோம்.

ஜெய்பீம்.